நாய்க்கு மூட்டுவலி: ஸ்டீராய்டு தொடங்கும் முன், கொடுக்கும்போது, நிறுத்தும்போது

"நேத்து வரைக்கும் நல்லா ஓடுன நாய், காலைல இருந்து ஒரு காலத் தூக்கிட்டுக் கெந்துது, அண்ணாச்சி" என்று மெடிக்கலில் சொன்னால், பல இடங்களில் கைக்கு வருவது பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான். இரண்டு நாளில் நாய் எழுந்து ஓடும். வலி போனதை நோய் போனதாக நாம் எடுத்துக்கொள்வதும் அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டீராய்டு மூட்டில் உள்ள அழற்சியை அடக்கும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது, அறுந்த தசைநாரை ஒட்டாது, மூட்டுக்குள் புகுந்த கிருமியைக் கொல்லாது. கிருமி இருந்தால் அதற்கு வசதி செய்துகொடுக்கும். அதனால் எத்தனை மில்லிகிராம் என்று கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. கீழே வரும் அளவுகள் மருத்துவர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்வதற்கும் சரிபார்ப்பதற்கும் மட்டுமே. சீட்டு இல்லாமல் தொடங்குவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

1. எந்தக் கால், எந்த மூட்டு, எத்தனை மூட்டு

முதலில் பாதத்தைப் பாருங்கள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கிற ஊர் இது. விரல் இடுக்குகளை விரித்து, பாதத்தின் அடிச் சதையை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஒடிந்த முள்முனை இருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் வீக்கம் வடிந்து ஆறியதுபோலத் தெரியும். சில வாரம் கழித்துச் சீழ்க்கட்டியாகத் திரும்பி வரும்.

பாதம் சுத்தமாக இருந்தால், நாயைக் கயிற்றில் பிடித்து நடக்கவிட்டு அரை நிமிட வீடியோ எடுங்கள். பக்கவாட்டில் ஒரு முறை, எதிரே வரும்போது ஒரு முறை, விலகிப் போகும்போது ஒரு முறை. சிமெண்டுத் தளமோ தார் ரோடோ வேண்டும். தேரி மணலில் லேசான நொண்டல் மறைந்துவிடும். மருத்துவமனை மேஜையில் ஏறியதும் பயத்தில் பல நாய்கள் நொண்டாமல் நிற்கும் என்பதால் இந்த வீடியோ மிகவும் உதவும்.

முன்காலில் வலி இருந்தால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். பின்காலில் வலி என்றால் அந்தப் பக்கத்து இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். காலை எழுந்ததும் விறைப்பாக இருந்து, நடக்க நடக்க இளகுகிறதா, இல்லை நடக்க நடக்கக் கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது பெரும்பாலும் வயதான மூட்டுத் தேய்மானம்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துச் சூடு பாருங்கள். நாய்க்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. நம் உடம்புச் சூட்டை மனதில் வைத்து 101ஐக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம், 103.5க்கு மேல் போனால் அது காய்ச்சல். ஸ்டீராய்டு உள்ளே போன பிறகு காய்ச்சல் இறங்கிவிடும் என்பதால், இந்த ஒரு எண்ணை மருந்துக்கு முன்னால் எடுத்தே ஆக வேண்டும்.

ஒரே மூட்டு மட்டும் வீங்கிச் சுட்டால் மூட்டுக்குள் சீழ் இருக்கக்கூடும். இன்று முன்கால் மணிக்கட்டு, நாளை பின்கால் கணு என்று மாறி மாறி, காய்ச்சலும் சேர்ந்து வந்தால் உண்ணிக் காய்ச்சலோ நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் நோயோ இருக்கலாம். ஓடித் திரும்பும்போது சட்டென்று பின்காலைத் தூக்கினால் முழங்கால் தசைநாரைச் சந்தேகிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

2. உண்ணிக் காய்ச்சலை விலக்கிவிட்டுத் தொடங்குங்கள்

திருநெல்வேலிச் சீமையில் திடீர் மூட்டுவலிக்கு முதலில் விலக்க வேண்டியது இதைத்தான். இங்குள்ள வெப்பத்தில் பழுப்பு நாய் உண்ணிக்கு ஓய்வுக்காலமே கிடையாது. அது நாயின் மேல் மட்டும் வாழ்வதில்லை. சுவர் வெடிப்பு, மாட்டுத்தொழுவத்து ஓரம், படுக்கைச் சாக்கின் மடிப்பு எல்லாவற்றிலும் முட்டையிடும். அது கடித்துப் பரப்பும் எர்லிக்கியா கிருமி காய்ச்சல், சோர்வு, மூட்டுவலி, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் என்று வெளிப்படும்.

காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடுங்கள். உண்ணி கண்ணில் படாவிட்டாலும் நோய் இருக்கலாம். கடித்த உண்ணி எப்போதோ விழுந்திருக்கும்.

முழு ரத்த எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். தட்டணுக்கள் (பிளேட்லெட்) 2 லட்சத்துக்குக் கீழே இருந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கான சந்தேகம் வலுக்கிறது. ரத்தப்பூச்சு ஸ்லைடில் கிருமி தெரியவில்லை என்பதால் மட்டும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அப்போது ரேப்பிட் கிட் பரிசோதனையோ, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையோ கேட்கலாம்.

எர்லிக்கியா என்றால் மருந்து டாக்சிசைக்ளின்: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் 28 நாள். 20 கிலோ நாய்க்கு 200 மி.கி. இரண்டு மூன்று நாளிலேயே நாய் தெளிந்துவிடும். பலர் நிறுத்துவதும் அப்போதுதான், நோய் திரும்புவதும் அதனால்தான். வெறும் தொண்டையில் மாத்திரையைத் தள்ளக் கூடாது. உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் மருந்து இது. உணவுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள்.

தட்டணு வேகமாக இறங்கும்போது டாக்சிசைக்ளினோடு சில நாள் ஸ்டீராய்டும் மருத்துவர் எழுதக்கூடும். அது சரியான முறைதான். டாக்சிசைக்ளின் இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பதுதான் ஆபத்து: நாய் எழுந்து நடமாடும், கிருமி உள்ளே பெருகும்.

3. யாருக்கு ஸ்டீராய்டு, யாருக்கு வேண்டாம்

எதிர்ப்புச் சக்தி தன் மூட்டையே தாக்கும் நோய்க்கு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. வயதான தேய்மானத்துக்கு அது முதல் மருந்து அல்ல. அங்கே மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற நாய்களுக்கான வலிமருந்துகளும் எடைக் குறைப்பும் முன்னால் நிற்கின்றன. அவை ஒத்துக்கொள்ளாத நாய்க்கு, குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு ஸ்டீராய்டு பயன்படலாம்.

சர்க்கரை நோய், வயிற்றுப்புண், மூட்டில் சீழ், பூஞ்சைத் தொற்று, டெமோடெக்ஸ் என்ற நுண்பூச்சியால் வரும் சொறி, இதயச் செயலிழப்பு இருக்கும் நாய்க்கும் சினைப்பட்ட நாய்க்கும் ஸ்டீராய்டு கேடு செய்யும். சினையில் கருச்சிதைவும் குட்டிக்கு அண்ணப்பிளவும் வரலாம். பெட்டை நாய் என்றால் கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தது என்பதை மருத்துவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

அறுவைச் சிகிச்சை தேவைப்படும் முழங்கால் தசைநார்க் கிழிசலுக்கும் இது வேண்டாம். வலி மறைந்து நாய் ஓடினால் பாதி கிழிந்தது முழுதாக அறும்.

4. ஏற்கெனவே உள்ளே போன மருந்தின் கணக்கு

புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்தப் படியில். நாயின் உயிரே போகக்கூடிய தவறும் இதுதான்.

மெலாக்சிகாம், கார்புரோஃபென், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், அசெக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே வகை. இவற்றில் எதையும் ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த வலிமருந்துகள் குறைக்கின்றன. ஸ்டீராய்டும் அதே பாதையில் கை வைக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குடல்சுவரில் புண் விழுந்து, ஓட்டையாகும் வரை போகும். ஓட்டை விழுந்தாலும் ஸ்டீராய்டு வலியை மறைத்துக்கொண்டிருப்பதால், தெரியவரும்போது நேரம் கடந்திருக்கும்.

மெலாக்சிகாமோ கார்புரோஃபெனோ கொடுத்திருந்தால் பொதுவாக 5 முதல் 7 நாள் இடைவெளி விட்டுத்தான் ஸ்டீராய்டு தொடங்குவார்கள். ஆஸ்பிரின் என்றால் 7 முதல் 10 நாள். திரும்ப ஸ்டீராய்டிலிருந்து வலிமருந்துக்கு மாறும்போதும் இடைவெளி வேண்டும். இடைப்பட்ட நாட்களில் வலிக்குக் காபாபென்டின் எழுதச் சொல்லிக் கேட்கலாம். அது இரண்டோடும் மோதாது. மனிதர்களுக்கான சிரப்பாக மட்டும் வாங்காதீர்கள். சில திரவ மருந்துகளில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்க்கு விஷம். காப்ஸ்யூலாகவோ மாத்திரையாகவோ வாங்குங்கள்.

மனிதர்களுக்கு எழுதிய மூட்டுவலி மாத்திரையை நாய்க்குப் பாதி ஒடித்துக் கொடுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் தனியாகவே கெடுக்கக்கூடியவை. திட்டு விழும் என்று சொல்லாமல் விட்டால், மருத்துவர் நல்ல எண்ணத்தில் எழுதும் ஸ்டீராய்டே நாயைக் கொல்லும்.

ஊர்ப்பக்கம் ஊசி போட வருபவர்கள் ஒரே சிரிஞ்சில் இரண்டு மருந்தை இழுத்துப் போடுவது உண்டு. பெரும்பாலும் ஒன்று டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மற்றது வலிமருந்து. போட்டு முடித்ததும் "என்ன மருந்து?" என்று கேட்பதோடு நிற்காமல், காலிக் குப்பியின் லேபிளை போட்டோ எடுத்து வையுங்கள். பெயர், மி.கி., எத்தனை மில்லி, தேதி நான்கும் வேண்டும்.

ஒரு குப்பியை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். மெத்தில்பிரெட்னிசோலோன் அசிடேட் என்று இருந்தால், அது வாரக்கணக்கில் உடம்பில் தங்கி மெதுவாகக் கசியும் ஸ்டீராய்டு ஊசி. போட்ட பிறகு திரும்ப எடுக்க முடியாது. அதற்கு மேல் தினசரி மாத்திரையும் சேர்ந்தால் அளவு இரட்டிப்பாகும்.

வயிற்றுக்குப் பாதுகாப்பாக ஓமெப்ரசோலோ பான்டோபிரசோலோ கொடுத்தால் வலிமருந்தையும் ஸ்டீராய்டையும் சேர்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கக் கூடாது. அது அமிலத்தைக் குறைக்கும். உட்சுவரின் பாதுகாப்பைத் திருப்பித் தராது.

5. முதல் மாத்திரைக்கு முன்: ரத்தம், சிறுநீர், எடை

ரத்தம் எடுப்பது மருந்துக்கு முன்னால் நடக்க வேண்டும். ஸ்டீராய்டு வெள்ளணுக்களின் கணக்கை மாற்றும், கல்லீரல் பரிசோதனையில் ஏஎல்பி என்ற எண்ணை ஏற்றும், சர்க்கரையைக் கூட்டும். ஒரு வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு எடுத்த ரத்தத்தில் நோய் எது, மருந்து எது என்று பிரிப்பது சிரமம். மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பதாக இருந்தாலும் அதே வரிசைதான். ஸ்டீராய்டுக்குப் பின் அந்த நீர் தெளிந்துவிடும், கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

திருநெல்வேலிக்கு அருகே ராமையன்பட்டியில் 2012இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ வண்டி வைத்து வருகிறவர்கள் ஒரே பயணத்தில் வேலை முடியத் தயாராக வர வேண்டும். முந்தின இரவோடு சாப்பாட்டை நிறுத்தி, வெறும் வயிற்றில் கொண்டுவாருங்கள். தண்ணீரைத் தடுக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுக்க மயக்க ஊசி தேவைப்பட்டாலும் காலி வயிறு உதவும். கையில் எடுத்துவர வேண்டியவை: நடை வீடியோ, பழைய சீட்டுகள், மருந்து அட்டைகள், தடுப்பூசி அட்டை, அன்று காலை பிடித்த சிறுநீர். சிறுநீரை நீளக் கைப்பிடியுள்ள கரண்டியில் பிடித்துக் கழுவிக் காய்ந்த பாட்டிலில் ஊற்றலாம்.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் உயரமாக நிற்பதால் எடை கூடுதலாகத் தோன்றும்; உண்மையில் ஒல்லி உடம்பு. நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துவிடுங்கள். 20 கிலோ நாயை 28 கிலோ என்று சொன்னால் மருந்து 40 சதவீதம் கூடிவிடும். தூக்க முடியாத ராஜபாளையம் என்றால் அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ இருக்கும் மேடைத் தராசில் நிறுத்தலாம்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் தேதியையும் பாருங்கள். நெருங்கிவிட்டிருந்தால், ஸ்டீராய்டு தொடங்கும் முன் போடலாமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் உயர் அளவில் இருக்கும்போது தடுப்பூசி சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

6. சீட்டைப் படிப்பது

ஒரே மருந்துக்கு இரண்டு வேறு வேலை. பிரெட்னிசோலோன் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.5 முதல் 1 மி.கி. வரை அழற்சியை அடக்க. 2 மி.கி. வரை போனால் அது எதிர்ப்புச் சக்தியையே அடக்க. 20 கிலோ நாய்க்கு முதலாவது 10 முதல் 20 மி.கி.; இரண்டாவது 40 மி.கி. சீட்டில் எது இருக்கிறது என்று பார்த்து, "இது எந்த நோய்க்கு?" என்று கேளுங்கள். முதுமைத் தேய்மானத்துக்கு 40 மி.கி. எழுதியிருந்தால் மறுபடி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 25 கிலோவைத் தாண்டிய நாய்களுக்குக் கிலோக் கணக்கை அப்படியே பெருக்காமல் மருத்துவர் குறைத்து எழுதுவார். பெரிய உடம்பு இந்த மருந்தைக் கிலோவுக்குக் குறைவாகவே தாங்கும்.

கடையில் வாங்கும்போது பெயரைவிட எண்ணைப் பாருங்கள். பிரெட்னிசோலோன் 5, 10, 20, 40 மி.கி. என்று ஒரே மாதிரி அட்டைகளில் வருகிறது. வைசோலோன், ஓம்னகார்டில் இரண்டும் பிரெட்னிசோலோன்தான். இரண்டு பெயரில் இரண்டு அட்டை வீட்டில் இருந்தால் இரண்டையும் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, ஸ்டீராய்டுக்கு ஸ்டீராய்டு வீரியம் வேறு. பிரெட்னிசோலோன் 5 மி.கி. செய்யும் வேலையை டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. செய்துவிடும். "5 இல்லை, 0.5தான் இருக்கு, பத்து மாத்திரையாக் கொடுங்க" என்று கணக்குப் போட்டால் நாய்க்கு ஆறேழு மடங்கு மருந்து போய்விடும். சீட்டில் இருக்கும் மருந்து கடையில் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள், மாற்று மருந்து வாங்காதீர்கள்.

டெக்ஸாமெத்தசோனை ஒருநாள் விட்டு ஒருநாள் முறைக்கும் பயன்படுத்த முடியாது. பிரெட்னிசோலோன் ஒன்றரை நாளுக்குள் அடங்கிவிடும். இடைநாளில், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி மூச்சுவிடும். டெக்ஸாமெத்தசோன் மூன்று நாள் வரை நிற்கும், சுரப்பிக்கு ஓய்வே கிடைக்காது.

7. கொடுக்கும் முறை

காலையில், சாப்பாட்டோடு. வெறும் வயிற்றை அரிக்கும் என்பதால் சாப்பாடு. நிறையத் தண்ணீர் குடித்து நிறையப் போகும் என்பதால் காலை. இரவில் கொடுத்தால் நாயும் தூங்காது, நீங்களும் தூங்க முடியாது.

பிரெட்னிசோலோன் கசக்கும். வாயில் கரைந்துவிட்டால் மறுநாள் எதைக் காட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவில் பொதிந்தால் ஒரே விழுங்கில் போகும். இட்லித் துண்டும் ஆகும். முதலில் மருந்தில்லாத உருண்டை ஒன்று, பிறகு மருந்து உருண்டை, உடனே மூன்றாவதைக் கண்ணில் காட்டுங்கள். மூன்றாவதை எதிர்பார்த்து இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். அல்வா, கருப்பட்டி, சீனி வேண்டாம். சர்க்கரையை ஏற்றும் மருந்துக்கு மேல் சர்க்கரை.

ஒரு வேளை விட்டுப்போனால், அன்றே நினைவு வந்தால் கொடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் அன்றைய அளவு மட்டும். இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். வாந்தியில் மாத்திரை வெளியே வந்தால் திரும்பக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். வாந்தியே பக்கவிளைவாக இருக்கலாம்.

மருந்து அட்டையை ஜன்னல் திட்டிலும் வண்டி டேஷ்போர்டிலும் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் அங்கே மருந்து தாங்காது. அடுக்களைக்கு வெளியே, நிழலான அலமாரியில் இருக்கட்டும்.

8. முதல் பத்து நாள்

தண்ணீரை அளந்து வையுங்கள். காலையில் லிட்டர் குவளையால் அளந்து சட்டியில் ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளந்து கழித்தால் போதும். சாதாரணமாக நாய் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி குடிக்கும். ஸ்டீராய்டில் 100ஐத் தாண்டுவது சகஜம். 20 கிலோ நாய் இரண்டு லிட்டருக்கு மேல் குடிக்கலாம். குடிப்பதைப் பார்த்துப் பயந்து சட்டியை எடுத்துவிடாதீர்கள். குடித்ததால் அது சிறுநீர் போகவில்லை. சிறுநீர் அதிகமாக வெளியேறுவதால்தான் குடிக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தண்ணீரைத் தடுத்தால் வெப்பத்தாக்கில் விழும்.

தார்சாவிலும் பட்டாசாலையிலும் சிறுநீர் போய்விடும். பழகிய நாய் தானே வெட்கப்பட்டு ஒதுங்கும். அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள், மருந்து செய்கிற வேலை அது. இரவு படுக்கும் முன் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை புறவாசலுக்குக் கூட்டிப்போனால் பெரும்பாலும் சரியாகும்.

பசியும் கூடும். கேட்கக் கேட்கச் சோறு வைத்தால் ஒரே மாதத்தில் எடை ஏறி, அந்த எடையே மூட்டை அழுத்தும். பழைய அளவையே மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். வயிறு நிறைய வேண்டுமென்றால் வேகவைத்த சுரைக்காயோ பூசணியோ உப்பில்லாமல் சேர்க்கலாம். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்ற வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

மூச்சிரைப்பு வரும். நிழலில் படுத்து ஆழ்ந்து தூங்கும்போது நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் மருந்தின் இரைப்பு. தூக்கத்திலும் அதைத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்து நாளில் மிகவும் கவனம் வேண்டியது ஓட்டத்தில். மூன்றாம் நாள் நாய்க்கு வலி தெரியாது. வாசலில் கீரியோ பூனையோ ஓடினால் ஒரே பாய்ச்சல். மூட்டின் உள்ளே எதுவும் ஆறியிருக்காது. ஸ்டீராய்டு நாட்பட்டால் தசைநாரையும் தசையையும் நலியச் செய்யும். ஆகவே வலி போன பிறகுதான் கயிறு கட்டாயம். ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம், நாளுக்கு மூன்று தடவை, கயிற்றோடு நடை. வெயில் ஏறுமுன் ஒன்று, பொழுது சாய்ந்த பின் மற்றவை.

டைல்ஸ் தரையில் பின்கால் வழுக்கினால் அன்றைய மருந்தின் பலன் அங்கேயே போய்விடும். நாய் நடக்கும் தடத்தில் சணல்சாக்கை விரித்து, ஓரங்களைக் கனமான பொருளால் அமுக்கி வையுங்கள். கோரைப்பாய் வேண்டாம், டைல்ஸ் மேல் பாயும் சேர்ந்து வழுக்கும்.

9. இறக்குவது

நாயின் அட்ரினல் சுரப்பி தானாகச் சுரக்கும் கார்ட்டிசோல் என்ற சொந்த ஸ்டீராய்டை, வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். சுரப்பி வேலை செய்யாத வேளையில் மருந்தையும் சட்டென்று நிறுத்தினால் உடம்புக்கு இரண்டும் இருக்காது. சோர்வு, வாந்தி, நடுக்கம், மயங்கி விழுதல் என்று போகும். ஓரிரு வாரத்துக்கு மேல் கொடுத்த எந்த ஸ்டீராய்டையும் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். "நாய் நல்லாயிட்டு" என்று நிறுத்துவதும், "அட்டை தீர்ந்துட்டு" என்று நிறுத்துவதும் ஒன்றுதான்.

20 கிலோ நாய்க்கு அழற்சி அளவில் எழுதும் ஒரு சீட்டு இப்படி இருக்கும்:

முதல் 7 நாள், தினமும் காலை 10 மி.கி.
அடுத்த 7 நாள், தினமும் காலை 5 மி.கி.
அடுத்த 14 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் 5 மி.கி.

5 மி.கி. மாத்திரையாக வாங்கினால் 14, 7, 7 என்று மொத்தம் 28. முதல் நாளே 28ஐயும் வாங்கிவிடுங்கள். இறக்கும் வாரத்தில் கடை கடையாக அலைந்து, கிடைக்காமல் நின்றுபோவது வேண்டாத ஆபத்து. காலண்டரில் மாத்திரை கொடுக்கும் நாளை மட்டும் வட்டமிட்டு, கொடுத்ததும் அடித்துவிடுங்கள். வீட்டில் இரண்டு பேர் நாயைப் பார்த்துக்கொண்டால் இந்த அடையாளம் இல்லாமல் ஒன்று இரண்டாகிவிடும்.

எதிர்ப்புச் சக்தி நோய்க்கான 40 மி.கி. பாதை வேறு. நல்ல மாற்றம் சில நாளிலேயே தெரியும். ஒரு வாரமாகியும் தெரியாவிட்டால் அளவைக் கூட்டக் கேட்பதைவிட நோய் வேறா என்று மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். அறிகுறி அடங்கியபின் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு வீதம் இறக்குவார்கள். மொத்தம் பல மாதம் ஆகும். ஒவ்வொரு இறக்கத்துக்கு முன்னும் மூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும், ரத்தம் பார்க்க வேண்டும். இறக்கியதும் வலி திரும்பினால், நீங்களாக முந்தின அளவுக்கு ஏற்றாமல் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள்.

மாதக்கணக்கில் கொடுக்கும்போது வயிறு தொங்கி, முதுகுத்தசை வற்றி, தோல் காகிதம்போல மெலிந்து, முடி உதிரத் தொடங்கும். சிறுநீர்த்தொற்று வலியில்லாமல் பதுங்கியிருக்கும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர் பரிசோதனையும் வேண்டும்.

10. மூட்டுக்குள் போடும் ஊசி

ஒன்றிரண்டு மூட்டில் மட்டும் கடுமையான தேய்மானம் என்றால் டிரையம்சினோலோன் போன்ற ஸ்டீராய்டை மூட்டுக்குள்ளேயே போடுவார்கள். பலன் வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் நிற்கும். உடம்பு முழுவதற்கும் போகும் அளவு மாத்திரையைவிடக் குறைவு.

இதற்கு மயக்கம் கொடுக்க வேண்டும், முடி மழிக்க வேண்டும், அறுவைச் சிகிச்சைக்குப் போலத் தோலைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும், கையுறை வேண்டும். நான்கில் ஒன்று இல்லாத இடத்தில் போட வேண்டாம். வீட்டு முற்றத்தில் நாயை அமுக்கிப் பிடித்துக்கொண்டு போடும் ஊசி அல்ல இது. ஒரு கிருமி உள்ளே போனால் மூட்டே போகும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்பும் நலியும் என்பதால் எண்ணிக்கையையும் இடைவெளியையும் மருத்துவர் எழுதி வைப்பார்.

போட்ட பிறகு இரண்டு வாரம் கயிற்று நடை மட்டும். மூன்று நாளுக்குள் அந்த மூட்டு வீங்கிச் சுட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் கொண்டுபோங்கள்.

11. உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை

தார்போலக் கறுத்துப் பிசுபிசுக்கும் மலம். ரத்தமோ காப்பித்தூள் நிறமோ கலந்த வாந்தி. வயிற்றைத் தொட்டால் இறுக்கிக்கொள்வது. ஈறு வெளிறுவது. எழ முடியாமல் சாய்வது.

இன்னொன்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை: ஸ்டீராய்டில் இருக்கும் நாய் சோற்றைத் திருப்பிவிடுவது. பசியைக் கூட்டும் மருந்தில் இருந்துகொண்டு சாப்பிட மறுக்கிறது என்றால் உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது. வேறு எந்த அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றே காட்டுங்கள். போகும்போது மருந்து அட்டையையும் வட்டமிட்ட காலண்டர் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். வேறு மருத்துவரிடம் போனாலும், வேறு நோய்க்காகப் போனாலும், முதல் வாக்கியமாக "இது ஸ்டீராய்டுல இருக்கு சார்" என்று சொல்லிவிடுங்கள்.

12. மாத்திரை முடிந்த பிறகு

தேய்மான நாய்க்கு இனிதான் நீண்ட வேலை. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், லேசாகத் தடவினால் கையில் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு குறுகித் தெரிய வேண்டும். அதுவரை சோற்றைக் குறையுங்கள், முட்டை, மீன், கோழி என்று புரதத்தைக் குறைக்காதீர்கள். ஸ்டீராய்டு கரைத்த தசையைத் திரும்பக் கட்ட அது வேண்டும்.

படி ஏறும் இடத்தில் பலகையைச் சாய்த்துப் போடுங்கள். சட்டியை நெஞ்சு உயரத்துக்கு ஒரு கல்லின் மேல் வையுங்கள், முன்கால் வலியுள்ள நாய் குனியாமல் குடிக்கும். வலிமருந்துக்கு மாறுவதாக இருந்தால் கடைசி ஸ்டீராய்டு மாத்திரையின் தேதியிலிருந்து இடைவெளியை எண்ணித் தொடங்குங்கள்.

உண்ணிக்கு நாயை மட்டும் கவனித்தால் போதாது. மாத்திரையோ முதுகில் விடும் மருந்தோ மருத்துவர் சொன்ன இடைவெளியில் விட்டுப்போகாமல் கொடுங்கள். அதோடு நாய் படுக்கும் மூலையில் உள்ள சுவர் வெடிப்பைச் சிமெண்டு வைத்துப் பூசி அடையுங்கள். பழைய சாக்கை எரித்துவிட்டுப் புதியதை விரியுங்கள். அடுத்த நொண்டல் பெரும்பாலும் அந்த வெடிப்பிலிருந்துதான் வருகிறது.